தட்டைக் கேளுங்கள், பிறகு தொடுங்கள்

கால்நடை மருத்துவம் படித்து முடித்து, இந்த வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிற தம்பி தங்கையருக்கு எழுதுகிறேன். வெறிநோய், பார்வோ, கோமாரி பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிற ஒரு நோய். கொழுப்புத் திசுவில் வரும் அழற்சி. ஸ்டியாட்டைட்டிஸ் என்று படித்திருப்பீர்கள். உடல் முழுக்கப் பரவினால் பான்ஸ்டியாட்டைட்டிஸ். மஞ்சள் கொழுப்பு நோய் என்பது வழக்குப் பெயர். இது தினமும் வருகிற நோய் அல்ல. ஆனால் கவனிக்காமல் விட்டால் விலங்கு வலியோடு பட்டினி கிடந்து சாகும். கவனித்துவிட்டால் பல சமயம் உணவை மாற்றியே காப்பாற்றிவிடலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒரு வலி யாரும் கேட்காததால் தொடர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1. கொழுப்பையும் ஓர் உறுப்பாகப் பாருங்கள்.

ஈரலைத் தொட்டுப் பார்க்கிறோம், சிறுநீரகத்தைத் தடவிப் பார்க்கிறோம், நிணநீர்க் கணுக்களை வரிசையாகத் தேடுகிறோம். அவற்றுக்கு மேலே போர்த்தியிருக்கிற கொழுப்பை மட்டும் விலக்கிவிட்டுப் போகிறோம். பிரேதப் பரிசோதனையிலும் கத்தி அதைத் தாண்டித்தான் ஓடுகிறது. கொழுப்பு உயிருள்ள திசு. அதற்கு ரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு, அழற்சி வந்தால் வலியும் உண்டு. தோலுக்கடியில், தொடை இடுக்கில், வயிற்றுக்குள் குடலைத் தாங்கும் மடிப்பில், சிறுநீரகத்தைச் சுற்றி, இதயத்தின் மேல் என்று அது இல்லாத இடமே குறைவு. அவ்வளவும் ஒரே சமயத்தில் வலித்தால் அந்த உயிர் எப்படி நடக்கும், எப்படிப் படுக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

2. மருந்துச் சீட்டுக்கு முன்னால் தட்டைப் பற்றிக் கேளுங்கள்.

இந்த நோயின் பாதி நிர்ணயம் கேள்வியில்தான் இருக்கிறது. “என்ன சாப்பிடுது?” என்று கேட்டால் “எல்லாம் சாப்பிடும் டாக்டர்” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். “நேத்து காலையில என்ன போட்டீங்க? ராத்திரி? முந்தாநாள்?” என்று நாள் நாளாகப் பின்னால் போங்கள். மூன்று நாளைக் கேட்பதற்குள் எல்லாம் சாப்பிடுகிற பூனை மத்தி மீனைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று தெரிந்துவிடும்.

மீன் என்று தெரிந்ததும் நிறுத்திவிடாமல் உள்ளே போங்கள். என்ன மீன்? சதையா, தலையும் குடலுமா? பச்சையா, வேகவைத்ததா? அன்றன்று வாங்கியதா, மொத்தமாக வாங்கிப் பிரிட்ஜில் வைத்து எடுத்துப் போடுவதா? எத்தனை மாதமாக இதே உணவு? கருவாடு உண்டா? டப்பாவில் அடைத்த மீனா? முடி பளபளப்பாக இருக்கட்டும் என்று யாராவது மீன் எண்ணெய் மாத்திரை சொல்லியிருக்கிறார்களா?

கூட்டி வந்தவரிடம் மட்டும் கேட்டால் போதாது. பூனைக்குச் சோறு வைப்பது வேறு ஆளாக இருக்கும். பாட்டியாக இருக்கலாம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம். அவரிடம் போனிலாவது பேசிவிடுங்கள். பக்கத்து வீட்டில் தினமும் மீன் அரிகிறார்களா, பூனை எந்நேரமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வீட்டுக்காரர் விலை கொடுத்து வாங்கிய தீவனம் தட்டில் அப்படியே காய்ந்து கிடக்க, பூனையின் வயிறு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிரம்பிக்கொண்டிருக்கும்.

3. வேதியியலை ஒருமுறை முழுதாகப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு மனப்பாடம் தேவைப்படாது.

அடுப்பங்கரையில் எண்ணெய் காறிப்போவது தெரியும் அல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பமிலத்தைத் தாக்குவதுதான் அது. உயிரோடு இருக்கும் விலங்கின் கொழுப்புக்குள்ளும் கிட்டத்தட்ட அதே வினை நடக்கிறது. மஞ்சள் கொழுப்பு நோயின் வேர் இது.

கொழுப்பமிலத்தில் இரட்டைப் பிணைப்பு கூடக் கூட ஆக்சிஜன் எளிதில் பிடித்துக்கொள்கிறது. ஆலிவ் எண்ணெயில் மிகுந்த ஒலியிக் அமிலத்துக்கு ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. சூரியகாந்தி எண்ணெயின் லினோலியிக் அமிலத்துக்கு இரண்டு. மீன் எண்ணெயின் ஈ.பி.ஏ.வுக்கு ஐந்து, டி.ஹெச்.ஏ.வுக்கு ஆறு. ஒரு மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அது பக்கத்து மூலக்கூற்றைத் தாக்கும், அது அடுத்ததை. இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டுவது வைட்டமின் ஈ. உருவாகிவிட்ட பெராக்சைடுகளைச் செலினியம் கொண்ட நொதி செயலிழக்கச் செய்கிறது. மீன் கொழுப்பை நிறையப் போட்டு வைட்டமின் ஈயைக் குறைத்தால், சங்கிலியை வெட்ட ஆள் இல்லாமல் போகிறது. கொழுப்புச் செல்கள் சாகின்றன. நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் கூடுகின்றன, பல உட்கரு கொண்ட ராட்சதச் செல்கள் உருவாகின்றன. மிச்சமாகச் சீராய்டு என்னும் நிறமி தங்கிவிடுகிறது. கொழுப்பு மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாறுவது அந்த நிறமியால்தான்.

இரண்டும் சேர்ந்தால்தான் நோய் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மீன் விஷம் அல்ல. பல்நிறைவுறாக் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஈ குறைவு, இந்த இரண்டும் மாதக்கணக்கில் ஒரே தட்டில் விழ வேண்டும்.

இது இன்று நேற்றுக் கண்டது அல்ல. ஹெர்பர்ட் இவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் பெர்க்லியில் வைட்டமின் ஈயைக் கண்டறிந்தது 1922-இல். வைட்டமின் கேயைக் கண்டுபிடித்த டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாம், கிரனாடோஸுடன் சேர்ந்து, வைட்டமின் ஈ இல்லாத தீவனத்தில் வளர்ந்த விலங்குகளின் உடல் கொழுப்பிலேயே பெராக்சைடுகள் உருவாவதை 1945-இல் காட்டினார். கொழுப்பு தட்டில் மட்டுமல்ல, உடலுக்குள்ளும் காறும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

4. ஏன் பூனை, பன்றி, முதலை? ஏன் பசு அல்ல?

இந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், நிறையத் தெளியும். ஒற்றை வயிற்று விலங்குகள் தின்ற கொழுப்பை ஏறக்குறைய அப்படியே தம் உடலில் சேமிக்கின்றன. மத்தி தின்ற பூனையின் கொழுப்பு மத்தியின் கொழுப்பை ஒத்துப் போய்விடும். அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையிலோ நுண்ணுயிர்கள் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றி நிறைவுற்ற கொழுப்பாக்கிவிடுகின்றன. வளர்ந்த மாடு, ஆடுகளிடம் உணவால் வரும் இந்த நோயைக் காணாததற்கு அது பெரிய காரணம். ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க், மீன் கழிவு தின்னும் பன்றி, குதிரைக்குட்டி, கொக்கு, முதலை எல்லாம் பட்டியலில் வருகின்றன. வேகமாக வளரும் மிங்க் குட்டிகள் முந்தின நாள்வரை நன்றாகத் தின்றுவிட்டு மறுநாள் செத்துக் கிடப்பதுண்டு. அறுத்தால்தான் மஞ்சள் கொழுப்பு தெரியும்.

5. எந்த மீன் என்பது முக்கியம்.

1950-களில் அமெரிக்காவில் பூனைகளிடம் இந்த நோய் எழுதப்பட்டபோது பின்னணியில் இருந்தது மீன் உணவு, குறிப்பாகச் சூரை மீனின் சிவப்புச் சதையை அடைத்த டப்பாக்கள். மனிதர்களுக்கான டப்பாவுக்கு வெள்ளைச் சதை போனது, மிஞ்சிய கருஞ்சிவப்புச் சதை பூனைக்கு வந்தது. வைட்டமின் ஈ சேர்க்கத் தொடங்கியதும் அங்கே நோய் அரிதாகிவிட்டது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம் இன்றும் பூனைத் தீவனத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: ஒரு கிலோ தீவனத்தில் சேரும் ஒவ்வொரு கிராம் மீன் எண்ணெய்க்கும், குறைந்தபட்ச அளவுக்கு மேல் 10 யூனிட் வைட்டமின் ஈ கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் நோயின் காரணம் முழுதும் நினைவில் நிற்கும்.

தொழிற்சாலைத் தீவனத்தில் அரிதானது வீட்டுச் சமையலில் அரிதாகவில்லை. போர்ச்சுகலில் 2000-க்குப் பின்னும் இப்படிப்பட்ட பூனைகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில பூனைகளின் உணவு மீன்கூட அல்ல, பன்றி மூளை. மூளையும் பல்நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த பொருள்தான். ஆகவே மீன் இல்லை என்றதும் கோப்பை மூடிவிடாதீர்கள்.

நம் கடற்கரையில் மலிவாகக் கிடைப்பவை மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்கள். பூனைக்குப் போவது அவற்றின் தலையும் குடலும். எண்ணெய் குறைந்த வெள்ளைச் சதை மீனுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு உண்டு என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கருவாட்டைத் தனியாக எச்சரியுங்கள். எண்ணெய் மீனை வெயிலிலும் காற்றிலும் உலர்த்தும்போதே அதன் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கிவிடுகிறது. உப்பு வேறு.

“நாங்க வேக வெச்சுத்தான் போடுறோம்” என்பார்கள். வேகவைத்தால் பச்சை மீனிலுள்ள தயமினேஸ் அழியும், தயமின் குறைபாட்டிலிருந்து பூனை தப்பும். தலை கவிழ்ந்து, தள்ளாடி, வலிப்பு வந்து நிற்கிற பூனையை நீங்கள் பார்க்க நேர்ந்தால் அந்தக் குறைபாட்டை நினையுங்கள். கொழுப்பு அழற்சி வேறு கணக்கு. கொதிநீர் வைட்டமின் ஈயைக் கொண்டுவந்து சேர்க்காது.

6. குளிர்பெட்டியை முழுதாக நம்பாதீர்கள்.

உறைநிலை கிருமியை நிறுத்தும். ஆக்சிஜனேற்றத்தை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. மாதக்கணக்கில் உறைந்து கிடந்த எண்ணெய் மீனில் கொழுப்பு கெட்டுக்கொண்டும் வைட்டமின் ஈ குறைந்துகொண்டும் இருக்கும். உங்களில் சிலர் உயிரியல் பூங்காவில் பணியாற்றப் போவீர்கள். மீன் மட்டும் தின்னும் பறவை, நீர்நாய், முதலை எல்லாம் உங்கள் பொறுப்பில் வரும். அங்கே வழிகாட்டியாகக் கொள்ளப்படுவது, கொடுக்கும் மீன் கிலோவுக்கு 100 யூனிட் வைட்டமின் ஈ, 25 முதல் 30 மில்லிகிராம் தயமின். மீன் வந்த தேதியைப் பெட்டியின் மேல் எழுதச் சொல்லுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். இதைப் பார்ப்பது மருத்துவரின் வேலையா என்று கேட்டால், ஆம், மருத்துவரின் வேலைதான்.

7. தொடும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பூனை மேசைமேல் வந்ததும் கையை வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் பாருங்கள். முதுகை வளைத்துக் குறுகி உட்கார்ந்திருக்கும். கூடையிலிருந்து தானாகக் குதித்து இறங்காது. “முன்னெல்லாம் மடியில ஏறிப் படுக்கும், இப்ப தூக்கினா கத்துது, கடிக்க வருது” என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த வாக்கியத்தை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். குணம் மாறியது என்று அவர் நினைப்பது பெரும்பாலும் வலியாக இருக்கும்.

பிறகு கையை மெதுவாக முதுகின்மேல் வையுங்கள். மென்மையாகத் தடவினாலே துடித்தால், வலி தோலிலும் அதற்கு அடுத்த அடுக்கிலும்தான். தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் உள்ள கொழுப்பை விரல்களுக்கிடையில் அழுத்தாமல் உருட்டிப் பாருங்கள். இளகியிருக்க வேண்டியது கெட்டியாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். காய்ச்சல் உண்டு. வேறிடத்தில் ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் போட்டிருப்பார்கள், இறங்கியிருக்காது. சாப்பாடு குறைந்திருக்கும். பெரும்பாலும் இளம் பூனை, கொஞ்சம் கொழுத்த பூனை. ரத்தத்தில் வெள்ளணுக்கள், அதிலும் நியூட்ரோபில்கள் கூடியிருக்கும்.

இதே முகத்தோடு வேறு நோய்களும் வரும். சண்டையில் பட்ட கடியால் தோலடியில் சீழ், முதுகெலும்புக் காயம், கணைய அழற்சி, பூனைகளின் தொற்றுப் பெரிடோனைட்டிஸ். கணைய நோயே சுற்றியுள்ள கொழுப்பைக் கெடுப்பதும் உண்டு. ஆகவே மீன் தின்றது என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

உறுதி செய்வது பயாப்சி. கொழுப்பில் சின்னத் துண்டு எடுத்து அனுப்பும்போது, என்ன சந்தேகம், என்ன உணவு என்று இரண்டு வரி எழுதுங்கள், ஆசிட் ஃபாஸ்ட் சாயம் செய்யும்படியும் கேளுங்கள். ஸ்லைடு தயாரிக்கும்போது சாதாரணக் கொழுப்பு கரைந்து வெற்றுக் குழிகளாகிவிடும். சீராய்டு கரையாமல் நின்று சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். காசநோய்க் கிருமியைக் காட்டும் அதே சாயம் இங்கே நிறமியைக் காட்டும். உங்கள் இரண்டு வரி இல்லாவிட்டால் ஆய்வகத்தில் இருப்பவர் அந்தச் சாயத்தை நினைக்கவே வாய்ப்பில்லாமல் போகலாம்.

8. மஞ்சளாக இருப்பதெல்லாம் இந்த நோய் அல்ல.

இறைச்சிக் கூடத்தில் பணி கிடைத்தவர்களுக்கு இது. புல் மேய்ந்த கிழட்டு மாட்டிலும் ஜெர்சி மாட்டிலும் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். அது கரோட்டின், கெடுதல் அல்ல. கொழுப்போடு கண்வெள்ளை, வாயின் உட்புறம், தசைநாண், ரத்தக்குழாயின் உட்சுவர் எல்லாம் மஞ்சளாக இருந்தால் காமாலை. மற்றதெல்லாம் இயல்பாக இருக்க, கொழுப்பு மட்டும் பழுப்பு மஞ்சளாகி, மீன் வாடையும் அடித்தால், அந்தப் பன்றி எங்கிருந்து வந்தது, என்ன போட்டு வளர்த்தார்கள் என்று விசாரியுங்கள். மீன் கழிவு என்று பதில் வந்தால், அந்தப் பண்ணையில் உயிரோடிருக்கும் மற்ற பன்றிகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

9. ஒலிபான்ட்ஸ் ஆற்றை ஒருமுறையாவது படியுங்கள்.

பூனை ஒன்றின் நோயாக மட்டும் இதைப் பார்த்தால் போதாது என்று எனக்குப் புரியவைத்தது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 2008-இன் குளிர்காலத்தில், க்ரூகர் தேசியப் பூங்காவில், ஒலிபான்ட்ஸ் ஆறும் லெட்டாபா ஆறும் சேரும் பள்ளத்தாக்கில் நைல் முதலைகள் செத்துக் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல. அந்த ஆண்டுக்குள் 170-க்கும் மேற்பட்ட சடலங்கள். நல்ல உடற்கட்டோடு இருந்த முதலைகள். அறுத்துப் பார்த்தபோது கொழுப்பு மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருந்தது. பான்ஸ்டியாட்டைட்டிஸ்.

முதலைக்கு வாலிலும் வயிற்றிலும் கொழுப்புச் சேமிப்பு அதிகம். அது இறுகிப்போனால் வால் வீசுவதே கடினம். நீந்த முடியாத, இரை பிடிக்க முடியாத முதலை எவ்வளவு நாள் வாழும்?

முதலில் எல்லாரும் கைநீட்டியது மாசுபாட்டை நோக்கி. நியாயமான சந்தேகம்தான். அந்த ஆறு புறப்படுவது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மேட்டு நிலத்தில். வழியில் லோஸ்கோப் அணை. அங்கேயும் முதலைகள் குறைந்துகொண்டு வந்தன, அங்கேயும் இதே மஞ்சள் கொழுப்பு, முதலையிலும் மீனிலும். அந்த மீன் நாம் ஜிலேபி என்று குழம்பு வைக்கிற மொசாம்பிக் திலாப்பியா. பள்ளத்தாக்கில் முதலைக்கு இரையான ஆப்பிரிக்கக் கெளுத்தியை அறுத்தார்கள். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டிருக்கும் அதே இனம். அதன் கொழுப்பிலும் அழற்சி இருந்தது. தின்ற முதலையும் நோயாளி, தின்னப்பட்ட மீனும் நோயாளி.

பள்ளத்தாக்கின் கீழ்முனையில், எல்லை தாண்டி மொசாம்பிக்கில், மசிங்கிர் அணை இருக்கிறது. அந்த அணையின் கொள்ளளவைக் கூட்டியதும் நீர் பின்னோக்கி ஏறிப் பள்ளத்தாக்குவரை வந்தது. வேகமாக ஓடிய ஆறு தேங்கியது, மணலும் வண்டலும் படிந்தன. எந்த மீன் அங்கே பெருகுகிறது, எந்த மீனை எது தின்கிறது என்பது மாறியது. நுண்பாசியை வடிகட்டித் தின்னும் வெள்ளிக் கெண்டை அந்த நீர்த்தேக்கத்தில் இருந்தது. அப்படிப்பட்ட மீனின் பல்நிறைவுறாக் கொழுப்பு கெளுத்தி வழியாக முதலைக்கு ஏறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். செத்து மிதந்த, கொழுப்பு காறிப்போன மீனை முதலைகள் தின்றதையும் பேசினார்கள். சுரங்கக் கழிவு, கழிவுநீர், அணை, அயல் மீன் என்று பல கைகள் சேர்ந்த வேலை அது. ஒரே குற்றவாளியைக் காட்டி முடிக்க முடியவில்லை.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? அந்த முதலைகளுக்கு யாரும் தட்டு வைக்கவில்லை. ஆனாலும் அவற்றின் தட்டை மனிதர்கள் மாற்றிவிட்டார்கள். ஒரு ஏரியில் கொக்கோ நீர்க்காகமோ கூட்டமாகச் செத்தால், விஷத்துக்கும் வைரஸுக்கும் மாதிரி எடுக்கிற அதே கையால் கொழுப்பிலும் ஒரு துண்டு எடுங்கள். அந்த நீரில் மீன் வகை அண்மையில் மாறியதா என்று அங்கே வலைபோடுகிறவரிடம் கேளுங்கள். மீன்வளத் துறைப் பதிவேட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

10. சிகிச்சை தட்டில் தொடங்குகிறது, பொறுமையில் நடக்கிறது.

மீனை அன்றே நிறுத்துங்கள். வைட்டமின் ஈ வாய்வழியாகக் கொடுங்கள். அளவை உடல் எடை பார்த்து மருந்து நூலிலிருந்து எடுங்கள், ஞாபகத்திலிருந்து எடுக்காதீர்கள். அழற்சியும் வலியும் கடுமையாக இருந்தால், தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டீராய்டு. வலிக்கு மருந்து கட்டாயம். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் எதையும் செய்யாது.

தோலடியில் சலைன் ஏற்றாதீர்கள். மற்றப் பூனைகளுக்குச் சாதாரணமாகச் செய்வது இதற்குச் சித்திரவதை. புண்பட்ட கொழுப்புக்குள்தான் அந்த நீர் போய்த் தேங்கும். தேவையானால் சிரை வழியாக. ஊசிகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்குவதைக்கூட ஒருவரே, ஒரே முறை செய்யட்டும்.

பூனை புது உணவைத் தொடாது, இங்கேதான் பலர் தோற்கிறார்கள். மீன் வாசனைக்குப் பழகிய பூனை மற்றதைப் பார்த்து முகம் திருப்பும். வீட்டுக்காரர் இரண்டாம் நாளே மனம் பொறுக்காமல் மீனுக்குத் திரும்புவார். “பசிச்சா தானா தின்னும்” என்று நீங்களும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிச் செத்துப்போகலாம், கொழுத்த பூனை இன்னும் சீக்கிரம். உணவை இளஞ்சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள். கோழி வேகவைத்த சாற்றில் கலந்து பாருங்கள். முடியாவிட்டால் தயங்காமல் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் வைத்து ஊட்டுங்கள்.

வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். காய்ச்சல் முதலில் இறங்கும், பசி வரும், வலி கடைசியில் போகும். முடிச்சுகள் கரைய இன்னும் நாளாகும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் நடுவில் மருத்துவரை மாற்றமாட்டார்.

11. பன்றிக்குட்டிக்கு இரும்பு ஊசி போடும் முன் யோசியுங்கள்.

வைட்டமின் ஈ, செலினியம் குறைந்த தாயின் குட்டிகளுக்கு இரும்பு ஊசி போட்டால் அதுவே கொல்லும். இரும்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். தாய்ப்பன்றி என்ன தின்றது என்பதைக் கேட்டபின் மருந்தை எடுங்கள்.

12. சோறு வைத்தவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

தினமும் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, முள் எடுத்து, ஆறவைத்து ஊட்டிய பாட்டியிடம் “நீங்கதான் இதைக் கெடுத்தீங்க” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அவர் செய்தது அன்பு. அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் உண்மையைச் சொல்லமாட்டார், மறுபடி வரவும் மாட்டார். “மீன் நல்லதுதான்மா, ஆனா அது மட்டும்னா இதுக்கு ஒத்துக்காது. முழுச் சத்துள்ள பூனைத் தீவனம் முக்கியமா இருக்கட்டும். குணமான பிறகு எண்ணெய் இல்லாத மீன் எப்பவாவது ஒரு துண்டு” என்று சொல்லுங்கள். அளவு கேட்டால், அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். சோறு வைப்பவர் கையில் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும்.

மீன் எண்ணெய் மாத்திரை விற்பவர்களிடமும் எழுதித் தருபவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். எவ்வளவு, எத்தனை நாளைக்கு, அதோடு வைட்டமின் ஈ உண்டா? மூட்டு நோய்க்கும் தோல் நோய்க்கும் அதற்கு இடம் உண்டு. அளவில்லாமல் ஊற்றுவதற்கு இடம் இல்லை. பழைய வீடுகளில் காட் லிவர் ஆயில் கரண்டிக் கணக்கில் போகும். அதில் வைட்டமின் ஏயும் டியும் மிஞ்சுகிற ஆபத்து தனி.

13. செத்துவிட்டால் அறுத்துப் பாருங்கள், எழுதி வையுங்கள்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள், பலர் மறுக்கமாட்டார்கள். தோலை உரித்ததும் கொழுப்பின் நிறத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் படத்தில் நிறம் ஏமாற்றாது. தோலடி, குடல்மடிப்பு, சிறுநீரகச் சுற்று என்று மூன்று இடத்திலிருந்தாவது துண்டு எடுத்து ஃபார்மலினில் போடுங்கள். கணையத்திலும் ஒன்று.

கேஸ் ஷீட்டில் உணவுக்கென்று தனி இடம் விடுங்கள். மீனின் பெயர், எங்கே வாங்கியது, எத்தனை மாதம். ஒரே தெருவிலிருந்தோ ஒரே கடையிலிருந்தோ இரண்டாவது பூனை இப்படி வந்தால், அந்தச் சாயங்காலமே அந்தக் கடைக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூனைக்கென்று மலிவாகக் கொடுக்கும் மீன் எது, அது எத்தனை நாள் பழையது என்று கேட்டு, அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.